நாவலடிக்குளத்துப் பதினெட்டுக் குஞ்சுகள்

மன்னார் மாவட்டத்துக் குளங்களில் உள்ள விரால் மீன்கள் எல்லாவற்றுக்கும் என் பெயர் தெரியும். பெற்றிசியா ரீச்சர் குளக்கட்டில் ஏறிவிட்டாள் என்று ஒன்று இன்னொன்றுக்குச் சொல்லி, நான் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே எல்லாம் சேற்றுக்குள் புகுந்துவிடும். ஒருமுறை நான் இழுத்த விராலின் வால் இன்னும் நாவலடிக்குளத்துத் தண்ணீரில் அடித்துக்கொண்டிருக்க, தலை பாப்பாமோட்டைச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றது.

இதில் கொஞ்சம் மிகை உண்டு. கொஞ்சம் அல்ல, நிறையவே உண்டு. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றபின் பதினொரு வருடமாகத் தூண்டில் போடுகிறேன். பிடித்த விரால் மொத்தம் நான்கு. அதிலும் ஒன்று காத்தமுத்து பிடித்து, நான் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து என் முள்ளில் கொழுவிவிட்டது. கேட்டால் இல்லை என்பார். அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே பொய் அதுதான் என்று நான் நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

நான் ஓலைத்தொடுவாயில் பிறந்தவள். கடல் மீன் தின்று வளர்ந்தவர்களுக்குக் குளத்து மீன் என்றால் ஓர் இளக்காரம். சேறு மணக்கும் என்போம். பாப்பாமோட்டைக்குப் படிப்பிக்க வந்து, அங்கேயே வீடும் கட்டிக் குடியிருந்தபிறகும் அந்த மூக்குச் சுளிப்பு எனக்குப் போகவில்லை. அதைப் போக்கியவர் காத்தமுத்து.

அவர் கண்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் குடியிருந்த லயத்து வீடு எரிந்தபோது வயது பதினொன்று. தகப்பனும் தாயும் ஐந்து பிள்ளைகளோடு லொறியில் ஏறி, காட்டைக் காட்டி வெட்டுங்கள் என்று சொன்ன இடத்தில் இறங்கினார்கள். வெட்டிய காட்டுக்கு உறுதிப் பத்திரம் வருவதற்குள் அந்த இடத்தையும் விட்டு ஓடினார்கள். பிறகு இன்னோர் இடம். பிறகு இன்னொன்று. கடைசி ஓட்டத்தில் வவுனியா முகாமுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் சட்டைப் பையில் ஒரு சுற்றுத் தங்கூசி நூலும் இரண்டு தூண்டில் முள்ளும் மட்டும் இருந்தனவாம். சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் அதை வெளியே எடுத்து, இது என்ன என்று கேட்டிருக்கிறான். "மாளு", மீன், என்று அவர் சிங்களத்தில் சொல்ல, சிப்பாய் சிரித்துவிட்டு நூலைத் திருப்பிக் கொடுத்திருக்கிறான்.

முகாமிலிருந்து பாப்பாமோட்டைக்குத் திரும்பி வந்தபின் கூலி வேலை. வேலி அடைப்பார், களை பிடுங்குவார், வரம்பு கட்டுவார். மனைவி பாலம்மாவும் அதே வேலைதான். மாரி முடிந்து குளம் நிரம்பி வான் பாய்வது நின்றதும், தை கடைசியிலிருந்து ஆடி வரை, வேலை இல்லாத நாட்களில் அவர் விரால் தூண்டிலோடு நாவலடிக்குளத்துக்குப் போவார். மூங்கில் தடி, தங்கூசி, முதுகில் முள் குத்திய ஒரு சின்னத் தவளை. அல்லி இலைகளுக்கு மேலே அந்தத் தவளையைத் துள்ளித் துள்ளிப் போகவிடுவார். விரால் இலைக்குக் கீழே இருந்து அடிக்கிற சத்தம், ஆரோ தண்ணீரில் பலகையைப் போட்டதுபோலக் கேட்கும்.

தூண்டில்காரர்கள் எல்லாரும் கையை அகட்டி அளவு காட்டுகிற ஊரில், காத்தமுத்து கையைச் சுருக்குகிறவர். மீன் இரண்டு சாண் இருந்தால் ஒன்றே முக்கால் என்பார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"கூட்டிச் சொன்னா யாராச்சும் அளக்க வருவாங்க டீச்சர். குறைச்சுச் சொன்னா யாரும் வர்றதில்லை."

"அப்ப என்னை ஆரும் ஏன் அளக்க வாறேல்லை?"

"உங்க மீனத்தான் யாருமே பாத்ததில்லையே."

அப்படி ஒரு வாய் அவருக்கு. ஆனால் மாதத்தில் இரண்டு முறைதான் திறக்கும்.

நான்கு வருடத்துக்கு முன் குளத்தைத் திருத்த வந்தார்கள். நல்ல காரியம்தான். ஆடியில் குளம் வற்றி வெடித்துக் கிடந்தபோது பெக்கோ மெசினை இறக்கி, சேற்றை அள்ளி லொறியில் ஏற்றினார்கள். தண்ணீர் வற்றினால் விரால் சாவதில்லை. சேற்றுக்குள் இறங்கி, மேலே மண் வெடித்துக் கிடக்க, அடியில் இருக்கிற ஈரத்தில் மழை வரும்வரை படுத்திருக்கும். காத்தமுத்து பெக்கோக்காரனிடம் போய் நின்றார்.

"தம்பி, அந்த நாவல் மரத்து மூலைய மட்டும் விட்டுருங்க. அதுல மீன் படுத்திருக்கு."

"வெடிச்ச மண்ணுக்க மீனோ? ஐயாவுக்கு வெயில் பிடிச்சிட்டுது, ஆராவது கூட்டிக்கொண்டு போங்கோ."

அந்த மூலையையும் அள்ளினார்கள். சேறு எங்கெங்கே கொட்டப்பட்டதோ அந்தந்த வளவுகளுக்கு அவர் சைக்கிளில் போனார். ஆட்களிடம் கேட்டு, கையால் கிண்டிப் பார்த்தார். மூன்று வளவுகளில் நாற்பத்தியொரு விரால் எடுத்தார். ஒன்றிலும் உயிர் இல்லை. நாற்பதோ ஐம்பதோ என்று அவர் சொல்லவில்லை. நாற்பத்தியொன்று என்றார். அந்த மாரிக்குக் குளம் முட்டி நிரம்பியது. ஆட்கள் குளக்கட்டில் நின்று கைதட்டினார்கள். தையிலிருந்து ஆடிவரை அவர் தூண்டில் போட்டார். இலைக்குக் கீழே இருந்து எதுவும் அடிக்கவில்லை.

அடுத்த வருடம் அவர் செய்த வேலையைக் கண்டவர்களுக்குச் சிரிப்பு வந்தது. வேலை இல்லாத நாட்களில் கட்டுக்கரைக்குளத்துக்குச் சைக்கிள் உழக்கிப் போவார். தூண்டில் முள்ளின் எதிர்க்கொக்கியை அரத்தால் ராவி மழுக்கி வைத்திருந்தார், மீனின் வாய் கிழியாமல் கழற்றுவதற்கு. பிடித்த விராலை ஈரச் சாக்கில் சுற்றி, கரியரில் கட்டி, வழியில் உள்ள ஒவ்வொரு கிணற்றடியிலும் நிறுத்திச் சாக்கை நனைத்து, நாவலடிக்குளத்தில் கொண்டுவந்து விடுவார். விரால் காற்றைக் குடிக்கிற மீன். அரை நாள் ஈரச் சாக்கில் தாங்கும். இரண்டு வருடத்தில் பதினொரு மீன் கொண்டுவந்தார்.

"என்ன காத்தமுத்து, மீள்குடியேற்றமோ?" என்று கேட்டேன்.

"ஆமாங்க டீச்சர். காணி குடுத்தாச்சு. வீட்டுத்திட்டந்தான் இன்னும் வரலை."

அந்த ஒருமுறை அவர் சத்தமாகச் சிரித்தார். அவர் பல்லில் இரண்டு இல்லை என்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

விரால் காற்றுக் குடிக்க மேலே வரும். வருகிற இடத்தையும் விடுகிற குமிழியையும் வைத்து அவர் எண்ணுவார். பதினொன்று ஆறாயிற்று. ஆறு மூன்றாயிற்று. போன மாரிக்கு முன் இரண்டு.

மார்கழி பிறந்த இரண்டாம் நாள் காலை என் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. கதிரையை இழுத்துப் போட்டேன். அவர் அதில் உட்காரவில்லை.

"டீச்சர், வந்திருச்சு."

"ஆர் வந்தது?"

"குஞ்சுங்க."

நானும் போய்ப் பார்த்தேன். நாவல் மரத்து மூலையில், தண்ணீருக்கு ஒரு சாண் கீழே, ஆரோ செங்கல் தூளைக் கொட்டியதுபோல ஒரு சிவப்பு மேகம். அது சுருங்கும், விரியும், திரும்பும். ஆயிரம் இருக்குமா என்றேன். கூட இருக்கலாம் என்றார். அவர் வாயில் 'கூட' என்ற சொல்லை அதற்கு முன் நான் கேட்டதில்லை. மேகத்துக்குக் கீழே இரண்டு கறுத்த நிழல்கள்.

அப்படிக் குஞ்சோடு நிற்கிற விராலை இந்தப் பக்கத்துத் தூண்டில்காரர்கள் பிடிக்க மாட்டார்கள். கண்டவர் ஒரு கம்பின் நுனியில் பச்சைக் குழை கட்டி அந்த இடத்துத் தண்ணீரில் ஊன்றிவிட வேண்டும். குழையைக் கண்டால் மற்றவர் விலகிப்போக வேண்டும். ஆரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. காத்தமுத்து வேப்பங்குழை கட்டி ஊன்றினார்.

"பொங்கலோட சிவப்புப் போயி கறுத்திரும் டீச்சர். அதுக்கப்புறம் அதுங்க பாடு. அதுவரைக்கும் ரெண்டும் காவல் நிக்கும். குஞ்சு வளர்ற வரைக்கும் அதுங்க பசியாறாது."

பசியாறாது என்பதை நான் மனத்தில் வாங்கி வைத்துக்கொண்டேன். நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய திருவருகைக் காலம் வேறு. மீனும் ஒருசந்தி விரதம் இருக்கிறது என்று கோயிலுக்கு வந்த நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தேன்.

நத்தாருக்கு இரண்டு நாள் முந்தி, ஜப்பான் மீன் என்று நாங்கள் சொல்லுகிற திலாப்பியாவுக்கு விரித்த ஒரு வலையில் நிழல்களில் ஒன்று போயிற்று. வலைக்காரருக்குக் குழைக் கதை தெரியாது. காவலுக்கு இனி ஒன்று மட்டுமே. காத்தமுத்து அதைச் சொன்னபோது, "ஒண்ணு போதுங்க. இன்னும் மூணு கிழமைதானே," என்றார்.

அந்த நத்தாருக்குக் கனடாவிலிருந்து என் மகளின் மகன் றொகான் வந்திருந்தான். இருபத்தாறு வயது. அவனுக்கும் தூண்டில் பைத்தியம். அங்கே ஏரிகளில் பாஸ் என்று ஒரு மீன், அகன்ற வாய், பச்சை உடம்பு. கைபேசியில் படம் காட்டினான்.

"இது எங்கட விராலுக்கு வெள்ளைக்காரச் சகலன்," என்றேன்.

"உங்கட விரால் இவ்வளவு வருமோ, அம்மம்மா?"

"இது எங்கட விராலுக்குக் காலமைச் சாப்பாட்டுக்குக் காணாது."

அவன் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்திலிருந்து தொலைபேசியில் அவனுக்கு நான் அளந்த மீன்கள் கொஞ்சநஞ்சமல்ல. இப்போது ஆள் நேரில் வந்து நிற்கிறான், கையில் மடித்து நீட்டுகிற தடியும் ஒரு பெட்டி நிறையச் சாமான்களுமாக. பெட்டிக்குள் ஒரு றப்பர் தவளை இருந்தது. வயிற்றுக்குக் கீழே இரண்டு முள் ஒளிந்திருந்தன. நத்தாருக்கு முருங்கைக்காய் கொண்டுவந்த காத்தமுத்து அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். காலை அமத்திப் பார்த்தார்.

"நல்லாத்தான் செஞ்சிருக்காங்க. பொங்கல் வரைக்கும் பொறுங்க தம்பி. நானே கூட்டிட்டுப் போறேன்."

"நான் நாலாந்தேதி போயிடுவன், அங்கிள்."

"அப்பிடியா," என்றார். "அப்ப அடுத்த தடவை."

அவர் போனபின் றொகான் கேட்டான்: "இஞ்சையும் மீனுக்கு மூடுற காலம் இருக்கோ, அம்மம்மா? அங்க ஜூன் மாதம் வரைக்கும் பாஸ் பிடிக்க ஏலாது. கூட்டில நிக்கிற மீனைப் பிடிச்சால் குற்றம்."

ஓம் என்று சொல்லியிருக்கலாம். இரண்டே இரண்டு எழுத்து. "இஞ்ச வருஷம் முழுக்கச் சீசன்தான்," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். போகமுன் அவன் ஒரு விராலையாவது கண்ணால் காண வேண்டும் என்ற ஆசை. அம்மம்மா சொன்னதெல்லாம் புளுகு என்று நினைத்துக்கொண்டு விமானம் ஏறிவிடுவானோ என்ற பயம். புளுகுதான். அதனால்தான் பயம்.

ஜனவரி இரண்டாம் தேதி காலை மழை விட்டிருந்தது. இரண்டு பேரும் ஓட்டோவில் போய் இறங்கினோம். நாவல் மரத்து மூலையில் சிவப்பு மேகம் முந்தியதைவிட அகன்று நின்றது. றொகான் கண்டான். தடியைத் தாழ்த்தினான்.

"அம்மம்மா, இது குஞ்சோட நிக்குது. போடக்கூடாது."

"போடு ராசா. அது சாப்பிடாத மீன். ஒருசந்தி. குஞ்சு வளருமட்டும் வாயைத் திறக்காதெண்டு காத்தமுத்துவே சொன்னவர். மேலால ஒருக்கா இழுத்துக் காட்டு, அடியில நிக்கிறது கொஞ்சம் அசைஞ்சு மேல வரும், படம் எடுப்பம்."

"அடிச்சால்?"

"அடிச்சால் என்ர பேரை மாத்து."

குழை கட்டிய கம்பு கைபேசிப் படத்துக்குள் வந்தது. நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, அதைப் பிடுங்கிக் கரையில் போட்டேன். இதை ஆரும் செய்யச் சொல்லவில்லை. நானே செய்தேன்.

றப்பர் தவளை மேகத்துக்கு அப்பால் விழுந்து, துள்ளித் துள்ளித் திரும்பி வந்தது. சிவப்பின் நடுவுக்கு அது வந்ததும் தண்ணீர் வெடித்தது.

பசியாறாத மீன் பசிக்கு அடிப்பதில்லை. பிள்ளைகளுக்கு மேலால் போகிற எதையும் அடிக்கும். தவளைக்கு உயிர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. பதினொரு வருடம் அவரோடு குந்தியிருந்த எனக்கு அது தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் தெரியவில்லை.

முள் செவுளுக்குள் போயிருந்தது. றொகான் குறடால் கழற்றினான். அங்கே பாஸ் மீனை விடுவதுபோல, இடுப்பளவு தண்ணீரில் நின்று இரண்டு கையாலும் ஏந்தி முன்னும் பின்னும் அசைத்தான். செவுளில் இருந்து இரத்தம் நூல் நூலாகப் போனது. ஒவ்வொரு முறை கையை எடுக்கும்போதும் மீன் பக்கவாட்டில் சரிந்தது. அரை மணித்தியாலம் இருக்கும். "ஸொறி, ஸொறி," என்று அந்த மீனிடம் சொல்லிக்கொண்டிருந்தான். பக்கத்திலேயே சிவப்பு மேகம். அது ஓடவில்லை. இரத்தத்தைச் சுற்றி, வழக்கம்போலச் சுருங்கி விரிந்துகொண்டு நின்றது. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

சைக்கிள் சத்தம் கேட்டது. காத்தமுத்து களைக்குப் போகிற வழியில் தினமும் அந்தப் பக்கம் வருவார் என்பது எனக்குத் தெரிந்ததுதான்.

அவர் எங்களிடம் வரவில்லை. முதலில் கரையில் கிடந்த கம்பை எடுத்தார். குழையில் ஒட்டியிருந்த சேற்றை உதறினார். இறங்கிப்போய் அது நின்ற இடத்திலேயே ஊன்றினார். பிறகு றொகானின் கையிலிருந்து மீனை வாங்கினார். அதற்குள் அது முடிந்திருந்தது.

"தம்பி மேல குத்தமில்லை," என்றார். "ரெண்டே கால் கிலோ வரும்."

"காத்தமுத்து, நான்தான்..."

"வெயில் ஏறுது டீச்சர். வீட்டுக்குப் போங்க."

நான் இரண்டு நாள் வெளியே வரவில்லை. நாலாம் தேதி றொகான் போனான். தூண்டில் பெட்டியைக் குசினி மூலையில் விட்டுவிட்டுப் போனான். விமான நிலையத்திலிருந்து தொலைபேசி எடுத்துப் பேசியபோது ஒன்றுதான் கேட்டான்: "குஞ்சுகள் தப்புமோ, அம்மம்மா?"

குளத்தில் நடந்ததை எனக்குச் சொன்னவர் பாயிஸ். நன்னீர் மீன்பிடிச் சங்கத்துத் தலைவர், நான் படிப்பித்த பிள்ளை. தாய் மீன் போன அன்றிலிருந்து காத்தமுத்து வேலைக்குப் போகவில்லையாம். விடிய வந்து, இருட்டும்வரை தண்ணீரில் நிற்கிறாராம். பனையோலையைக் கம்புகளில் கட்டி மூலையைச் சுற்றி அடைத்திருக்கிறார். ஒரு கையில் தகரப் பேணி, ஒரு கையில் தடி. நீர்க்காகம் இறங்கினால் பேணியைத் தட்டுகிறார். ஜப்பான் மீன் ஓலைக்குள்ளால் நுழைந்தால் தடியால் தண்ணீரை அடிக்கிறார்.

"ரீச்சர், மீன் குஞ்சுக்கு மனிசன் காவல் நிக்கிறதை இப்பதான் பாக்கிறன். சங்கத்தால ஆயிரக்கணக்கில குஞ்சு கொண்டுவந்து விடுறம், அதில பாதி செத்தாலும் ஆரும் திரும்பிப் பாக்கிறேல்லை. நீங்க சொன்னா கேப்பாரு. கூட்டிக்கொண்டு வாங்க."

போனேன். குளக்கட்டில் நின்று கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை.

"எத்தினை இருக்கு, காத்தமுத்து?"

"முன்னூறு."

அது ஏழாம் தேதி. ஒன்பதாம் தேதி நூற்றிருபது. பதினோராம் தேதி அறுபது. அன்றைக்கு அவர் உதடு வெளுத்திருந்தது. விரல் நுனிகள் ஊறி, துவைத்துப் பிழிந்த துணிபோலச் சுருங்கியிருந்தன. பாலம்மா குளக்கட்டில் குந்தியிருந்தார், பக்கத்தில் மூடிய சோற்றுப் பெட்டி. அவர் என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது.

"தாய் நின்னா இவ்வளவு போகாதுங்க டீச்சர்," என்று காத்தமுத்து தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார். "நான் தாய் இல்லை. அதுங்களுக்குத் தெரியுது. என் காலடிக்கு வர மாட்டேங்குது."

பன்னிரண்டாம் தேதி பின்னேரம் தொடங்கிய மழை மறுநாள் முழுக்க விடவில்லை. பொங்கலுக்கு முந்திய நாள். பத்துமணிக்குக் குளம் வான் பாயத் தொடங்கியது. மிகுதித் தண்ணீர் வெளியேறுகிற வான் இருப்பது நாவல் மரத்துக்கு ஐம்பது முழத்துக்குள். தண்ணீர் அந்தப் பக்கம் இழுத்தது. பனையோலை அடைப்பு கம்போடு பிடுங்குண்டு போயிற்று. பாயிஸும் இன்னும் இரண்டு பேரும் போனபோது காத்தமுத்து கழுத்தளவு தண்ணீரில், தன் சாரத்தை அவிழ்த்து இரண்டு கையாலும் வலைபோலப் பிடித்துக்கொண்டு, வானுக்குக் குறுக்கே நின்றிருக்கிறார். உடம்பு நெருப்பாகக் கொதித்ததாம். மூன்று பேர் சேர்ந்துதான் இழுத்து ஏற்ற முடிந்தது. சாரத்தைக் கையிலிருந்து விடவில்லை. அதற்குள் சருகுதான் இருந்தது.

பொங்கல் கழிந்து நாலாம் நாள் நான் அவர் வீட்டுக்குப் போனேன். பாயில் சுவரில் சாய்ந்து இருந்தார். காய்ச்சல் விட்டிருந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. நான் பாணும் சூப்பும் கொண்டுபோனேன். அதிகம் பேசாமல், என் வயதுக்குரிய மரியாதையோடு, பிழை என்னுடையது என்று சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். வெளியே பாலம்மா தண்ணீர் அள்ளுகிற சத்தம் கேட்டது.

"டீச்சர்," என்றார், "பதினெட்டு தப்பிருச்சு."

"என்ன?"

"மதகுத் துருசுப் பக்கத்துக் கல்லிடுக்குல ஒதுங்கியிருக்கு. எண்ணிட்டேன். பதினெட்டு. கறுக்கத் தொடங்கிருச்சு."

வேறு ஆர் சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். இருபது என்றிருந்தால்கூட நம்பியிருக்க மாட்டேன். இரண்டு சாணை ஒன்றே முக்கால் என்கிற மனிதர் பதினெட்டு என்றால், அங்கே இருபதாவது இருக்கும். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, இரண்டு கிழமைக்குப் பிறகு முதல் முறையாக வயிறு நிறையச் சாப்பிட்டேன். றொகானுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு வழியில் காணும்போதெல்லாம் கேட்பேன். மாசியில், "விரல் நீளம் வந்திருச்சுங்க," என்றார். பங்குனியில், "ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு," என்றார். நானும் ஒருநாள் வந்து பார்க்கவா என்று கேட்டால், "ஆள் நடமாட்டம் வேணாங்க, இன்னுங் கொஞ்சம் வளரட்டும்," என்பார். நியாயம்தான் என்று விட்டுவிட்டேன். என் கால் அந்தக் கட்டில் மறுபடி ஏறக் கூசியது என்பதும் உண்மை.

காத்தமுத்துவைப் பற்றி ஆரும் எழுதப் போவதில்லை. அவருக்குச் சிலை வைக்கிற ஊர் இன்னும் உண்டாகவில்லை. ஆகவே நான் எழுதுகிறேன்: ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஏற்றி இறக்கப்பட்டே வாழ்ந்த ஒரு மனிதர் பதினொரு மீன்களை ஈரச் சாக்கில் கொண்டுவந்து ஒரு குளத்தில் குடியேற்றினார். ஒரு வாயாடிக் கிழவி அதைக் கெடுத்தாள். அவர் பதினொரு நாள் தண்ணீரில் நின்று பதினெட்டைக் காப்பாற்றினார். அடுத்த மாரிக்கு நாவலடிக்குளத்தில் இலைக்குக் கீழே இருந்து பலகை விழுகிற சத்தம் மறுபடி கேட்கும்.

இவ்வளவையும் எழுதி, பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன், முருங்கையிலை கொண்டுவந்த பாலம்மாவைக் கதிரையில் இருத்தி வாசித்துக் காட்டினேன். அவர் மடியில் இலையை உருவிக்கொண்டே கேட்டார். பெக்கோக்காரன் வந்த இடத்தில் தலையை ஆட்டினார். குழைக் கம்பை நான் பிடுங்கிய இடத்தில் கை நின்றது. வாசித்து முடிந்தபின் மிஞ்சிய இலையையும் உருவினார்.

"நல்லா எழுதியிருக்கீங்க டீச்சர். ஒண்ணு ரெண்டு மாத்தணுங்க."

"சொல்லுங்கோ பாலம்மா."

"அன்னைக்கு நீங்க மரியாதையா மன்னிப்புக் கேக்கலை. பாயில விழுந்து அவரு காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதீங்க. கிணத்தடியில இருந்த எனக்கே கேட்டுச்சு. நீங்க நிறுத்துற மாதிரித் தெரியலை. அதுக்கப்புறந்தான் அவரு பதினெட்டுன்னு சொன்னாரு."

நான் பேனையை மூடிவைத்தேன்.

"காய்ச்சல்ல எந்திரிக்க முடியாம கெடந்த மனுசன் துருசடிக்கு எப்பங்க போயி எண்ணுறது? அன்னையிலேருந்து குளத்துப் பக்கமே போறதில்லை. களைக்குப் போறதுக்கும் ரோட்டைச் சுத்தித்தான் போறாரு. தூண்டில் தடிய வெட்டிப் பயித்தங்கொடிக்கு ஊண்டிட்டாரு, வந்து பாருங்க." மடியில் மிஞ்சிய காம்புகளை அள்ளிக்கொண்டு எழுந்தார். "ஒண்ணுகூட மிஞ்சலைங்க டீச்சர்."